பேய்க்கு யார் சாயல்?

இத்தனை காலம் குடும்ப நாவல்களாகவே எழுதித் தள்ளிய அத்தை, இனிமேல் பேய்க் கதைதான் எழுதுவேன் என்று அறிவித்ததும் மருமகள் கைதட்டினாள்.

“அப்பாடா! இனி நம்ம வீட்டுச் சண்டை அச்சுல ஏறாது. மாமாவும் தலைநிமிர்ந்து வெளியே போவார், பாவம்.”

மாமாவின் குறட்டை, கோபம், கஞ்சத்தனம் எல்லாம் வாசகர்களுக்கு மனப்பாடம். “இன்னொரு தடவை என்னைக் கதையில இழுத்தே, உன்னோட பேசவே மாட்டேன்” என்று அவரும் கறாராகச் சொல்லியிருந்தார்.

முதல் பேய்க் கதையை முடித்து, அவரிடமே படிக்கக் கொடுத்தார் அத்தை. படித்துவிட்டு வந்தவர் முகம் உம்மென்று இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

“போச்சு! பேய்க்கும் மாமா குணம்தானா அத்தை?” என்று மருமகள் கிசுகிசுத்தாள்.

“சத்தியமா இல்லம்மா. ஒரு வரியிலகூட அவர் இல்லை.”

“அதைத்தான் நானும் கேக்கறேன்!” என்று வெடித்தார் மாமா. “ஹீரோகிட்ட தேடினேன், வாட்ச்மேன்கிட்ட தேடினேன், கடைசியில பேய்கிட்டயும் தேடிப் பார்த்துட்டேன். இத்தனை வருஷம் என்னை வெச்சு எழுதிட்டு, இப்ப நான் எங்கேயுமே இல்லைன்னா என்ன அர்த்தம்?”

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“சரி, மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, வீடு பூரா அதையே தேடுற பேய். போதுமா?”

“ம்... அப்படியே தலைமுடியும் கொஞ்சம் அதிகமா வெச்சுடு.”