ஐந்து நாளும் வருகிறவர்

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்ற சலுகைக்கு உலை வைத்த மனுஷன் எங்கள் பிரிவிலேயே இருந்தார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பூட்டு’. காலையில் ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போதே வாசலில் நிற்பார். சாயங்காலம் பூட்டும்போதுதான் கிளம்புவார். ஐந்து நாளும் இதே கதை.

மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார்.

“அவரைப் பாருங்க. தினம் வர்றார். உங்க எல்லாரையும் விட அதிகமா வேலை முடிக்கிறார். அடுத்த மாசத்திலேர்ந்து எல்லாரும் அஞ்சு நாளும் வந்துடுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வீட்டில் என்றால் ஜன்னலோர மேஜை, சாத்திய கதவு. வாஷிங் மெஷின்கூட அந்த இரண்டு நாளும் ஓடாது. அப்போதுதான் நான் உருப்படியாக வேலை பார்க்கிறேன்.

நேராகப் பூட்டின் சீட்டுக்குப் போனேன்.

“ஏன் சார், நீங்க நல்ல பேர் வாங்க நாங்கதான் கிடைச்சோமா?”

“நான் மேனேஜர்கிட்ட ஒண்ணும் சொல்லலையே” என்றார்.

“சொல்ல வேற வேணுமா? விடிஞ்சதும் வந்து நிக்கிறீங்களே, அது போதாதா? வீட்ல இருக்க அப்படி என்ன கசக்குது?”

“கசக்கல சார். என் வீட்டுக்காரிக்கும் வீட்லேர்ந்துதான் வேலை. இருக்கறது ஒரு மேஜை. நான் இருந்தா, பேசாம எழுந்து எனக்கு விட்டுக் கொடுத்துடுவா. அதான் வந்துடறேன்.”

எரிச்சல் இன்னும் ஏறியது.

“இதெல்லாம் ஒரு காரணமா? என் வீட்டுக்காரியும் வீட்லேர்ந்துதான் வேலை பாக்கறா. எங்க வீட்லயும் ஒரு மேஜைதான். ஒரு நாள், ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல, தெரியுமா?”

“அப்படியா? நீங்க வீட்ல இருக்கற அன்னிக்கு அவங்க எங்க உக்காந்து வேலை பாப்பாங்க?”



அவள் உட்காருவதே இல்லை. வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பாள்.