ஒற்றை நட்சத்திரம்

"இதுக்குப் பேர் சூப்போ? பல்லு விளக்கின தண்ணியில புளியைக் கரைச்சு ஊத்திக் கொண்டுவந்து வைச்சிருக்கு!"

அன்டன் இதைத் தமிழில் சொல்லித் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை. நல்ல ஆங்கிலத்தில், கடைக்காரி லூர்தெஸ் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அவருடைய மனைவி பிரியந்திக்கு மேசைக்கு அடியில் புகுந்துவிடலாம் போலிருந்தது.

இத்தனைக்கும் வில்லரேப் பகுதியில் டெப்பனர் என்கிற ஒரு சில்லறைக் கடைக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கும் இந்தப் பிலிப்பீன்ஸ் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்ததே அன்டன்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் பங்குச் சுவாமியாருக்குக் கையைக் காட்டிவிட்டு நேரே இங்கேதான் ஓடிவருவார். மலிவு, வயிறு நிறையும், ருசியோ சொல்லி மாளாது. கோப்பையை நக்காத குறையாகத் தின்கிற மனுசன்.

அவர் புகழ்ந்து தள்ளியதை நம்பித்தான் டொராண்டோவிலிருந்து வந்திருந்த சித்தி மகன் றொசானையும் இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள் பிரியந்தி. றொசான் கடை கடையாகத் தின்று, படம் பிடித்து, இணையத்தில் போடுகிறவன். அவன் 'சூப்பர்' என்றால் அடுத்த கிழமையே அந்தக் கடை வாசலில் சனம் முண்டியடிக்கும்.

போனை மேசையில் நிறுத்திவைத்துவிட்டு ஒரு கரண்டி சூப்பை வாயில் விட்டான் றொசான். கண் விரிந்தது.

"அத்தான், இது நல்லாத்தானே இருக்கு?"

"உனக்கு நாக்குச் செத்துப்போச்சு மச்சான். இந்தப் பண்டி இறைச்சிப் பொரியலைக் கடிச்சுப் பார். செருப்பு இதைவிட மெதுவா இருக்கும்."

"தோல் மொறுமொறுவெண்டு..."

"மொறுமொறு இல்லை, காய்ஞ்சு போச்சு. முந்தநாள் பொரிச்சதாக்கும். மணந்து பார்."

றொசான் மணந்து பார்த்தான். வாசம் தூக்கியது. ஆனால் ஒருத்தர் இவ்வளவு அடித்துச் சொல்லும்போது மூக்குக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது.

பக்கத்து மேசையில் முதியோர் இல்ல வேலை உடுப்போடு இருந்த இரண்டு பிலிப்பீன்ஸ் பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அன்டனைப் பார்த்தார்கள். ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு இண்டைக்கு என்ன பேய் பிடிச்சது?" பிரியந்தி பல்லைக் கடித்தபடி தமிழில் கேட்டாள்.

"உண்மையைக் கதைச்சால் பேயோ?"

லூர்தெஸ் திரும்பி வந்தாள். "சாப்பாடெல்லாம் எப்பிடி?"

"நாய் கூடத் தின்னாது" என்றார் அன்டன், அவள் முகத்துக்கு நேரே.

லூர்தெஸ் தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் ஓடினாள். அவளுடைய தோள் குலுங்கியதைப் பிரியந்தி கண்டாள்.

றொசானுக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. போனை எடுத்துப் பொக்கற்றில் போட்டான். "பாவம் அத்தான். நான் ஒண்டும் போடேல்லை."

"போடு! ஒரேயொரு நட்சத்திரம் போடு. சனம் தப்பட்டும்."

அத்தானின் நச்சரிப்புத் தாங்காமல் றொசான் ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுக் காரை எடுக்கப் போனான். வெளியில் வந்ததும் பிரியந்தி வெடித்தாள்.

"ஒரு பொம்பிளை தனிய நிண்டு அடுப்பில வேகிறாள். அவளின்ர வயித்தில அடிச்சுப்போட்டு வாறியள். காலமை பூசையில சுவாமியிட்ட நன்மை அப்பம் வாங்கின வாய்தானே இது?"

"ஓம், அதே வாய்தான்" என்றார் அன்டன், ஏப்பம் விட்டபடி. "கெதியா வாரும், பெடியன் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"நீங்கள் போங்கோ. நான் அவளிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாறன்."

குசினி வாசலில் லூர்தெஸ் ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. பிரியந்தி கிட்டப் போய் ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னாள்.

"லூர்தெஸ், அந்த மனுசனுக்கு இண்டைக்கு மண்டை சரியில்லை. மனசில வைச்சிருக்காதை..."

ஏப்ரன் விலகியது. லூர்தெஸ் மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாய் கூடத் தின்னாதாம்! ஐயோ, அதை நான் சொல்லிக் குடுக்கேல்லை. அது அன்டன் அண்ணை தானாச் சேர்த்தது!"

"நீயோ சொல்லிக் குடுத்தனி?"

"காலமை பிரசங்கம் நடக்கேக்க வெளிய வந்து போன் அடிச்சவர். படம் எடுக்கிற ஆளை மனுசி கூட்டிக்கொண்டு வாறா, என்ன செய்ய எண்டு கேட்டார். காறித் துப்புங்கோ எண்டு சொன்னன். உங்களுக்குச் சொல்ல வேண்டாமாம். நீங்கள் பொய் சொன்னால் மூக்குச் சிவந்திடுமாம்."

பிரியந்தி மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அதுக்காக? நாலு சனம் கூட வந்தால் உனக்கு நல்லதுதானே?"

லூர்தெஸ் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு அடங்கியிருந்தது. வேலை உடுப்பில் இருந்த அந்த இரண்டு பெண்களையும் காட்டினாள்.

"முந்தி கோட்-டெ-நேஜ் பக்கம் எனக்கு ஒரு கடை இருந்தது. அங்கயும் இவைதான் வாறவை. கிழடுகளைக் குளிப்பாட்டிப்போட்டு, அடுத்த வேலைக்கு ஓட முதல் ரெண்டு வாய் சாப்பிடுவினம். ஒரு நாள் உங்கட தம்பியைப் போல ஒருத்தர் வந்து, ருசிச்சுச் சாப்பிட்டு, படம் எடுத்துப் போட்டார். வரிசை சந்தி வரைக்கும் நிண்டுது. இவைக்கு இருக்க இடமில்லாமல் போச்சு. வரிசையைக் கண்ட கட்டடச் சொந்தக்காரன் வாடகையை ஏத்தினான். கடை போச்சு."

"அந்தாள் அப்பிடி என்னத்தைப் போட்டது?"

"அஞ்சு நட்சத்திரம்" என்றாள் லூர்தெஸ்.