மூன்றாவது முடிச்சு

“ஏன் நிறுத்திட்டே? உள்ளே என்ன தெரியுதுன்னு சொல்லு.”

பேராசிரியையின் குரல் நிதானமாக வந்தது. அவரிடம் அறுவை சிகிச்சை பயில்பவர்கள், கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் கத்தியை நகர்த்த வேண்டும். அது அவர் வைத்த சட்டம்.

“கொழுப்பு மேடம்,” என்றான் பயிற்சி டாக்டர்.

“நிறையவா?”

“கொஞ்சம் ஜாஸ்திதான் மேடம்.”

எதிரே, வெட்டின் விளிம்பை விலக்கிப் பிடித்திருந்த உதவிப் பேராசிரியர் முகமூடிக்குள் சிரிப்பை விழுங்கினார்.

வட்ட விளக்கிலிருந்து வெளிச்சம் பாலாக வழிந்தது. பச்சைத் துணிகளுக்கு நடுவே வயிறு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தெரிந்தது. நாடியை எண்ணும் இயந்திரம் தாலாட்டு மாதிரி ஒரே சுருதியில் ஒலித்தது. தண்ணீருக்கடியில் நிற்பது போலிருந்தது அவனுக்கு. அந்த உள்ளங்கை அகலத்துக்கு வெளியே உலகமே இல்லை. அந்தக் குரல் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது.

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘இடி’. போன மாதம் எல்லார் முன்னிலையிலும், இவன் கை கத்தி பிடிக்க லாயக்கில்லை என்று அவர் முழங்கியதிலிருந்து இவன் சரியாகத் தூங்கவில்லை. படிப்பையே விட்டுவிடுவதாக இருந்தான். மனைவிதான் விடவில்லை. கட்டில் கால், அலமாரிக் கைப்பிடி, அவளுடைய பின்னல் நுனி என்று கண்டதிலெல்லாம் நூலைக் கட்டிப் பழகினான்.

“அவிழ்க்க முடியாம ஆபீசுக்கு லேட்டாப் போனேன். இவ்வளவு இறுக்கமாக் கட்டுற மனுஷனுக்கு என்ன பயம்?” என்றாள் அவள்.

நேற்று இடி திடீரென்று, இந்தத் தொப்புள் ஹெர்னியா ஆபரேஷனை இவன்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். இவனைவிட மூத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். இன்று கை பிசகினால் பெட்டியைக் கட்டிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

“ஓட்டை எவ்வளவு பெருசு?”

“ஒரு விரல் நுழையும் மேடம். தொப்புளுக்குப் பின்னாலேயே இருக்கு.”

“குடல் எதுவும் மாட்டியிருக்கா?”

“இல்ல மேடம். வெறும் கொழுப்புதான்.”

“உள்ளே தள்ளிட்டுத் தைக்க ஆரம்பி.”

முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவதில் விரல் தயங்கியது. கேட்காமலேயே அவருக்கு எப்படித் தெரிந்ததோ, மூச்சை மெல்ல விட்டுவிட்டு நூலை இழுக்கச் சொன்னார். விட்டான். மனைவியின் பின்னல் நினைவுக்கு வந்தது. இரண்டாவதும் விழுந்தது.

மூன்றாவது முடிச்சு நன்றாகத்தான் உட்கார்ந்தது போலிருந்தது. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். ஒரு மயிரிழை தளர்ச்சி. போதும், விடு என்று உதவிப் பேராசிரியர் கண்ணால் ஜாடை காட்டினார். சொல்லாமல் விட்டால் மேடத்துக்குத் தெரியப் போவதில்லை.

“மேடம், மூணாவது கொஞ்சம் தளர்வா விழுந்திருக்கு. வெட்டிட்டு வேற போடுறேன்.”

இயந்திரத்தின் ஒலி கொஞ்சம் வேகமெடுத்து, மறுபடி இறங்கியது.

“போடு,” என்றது குரல், இதுவரை அவன் கேட்டிராத மென்மையில். “அவசரமில்லே.”

அவன் போட்டான். இந்த முறை நூல் தசையோடு தசையாகப் படிந்தது.

தோலை மூடுவதற்கு முன் நோயாளியை ஒருமுறை இருமச் சொல்லி, தையல் தாங்குகிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். முதுகில் போடும் ஊசி உடம்பைத்தான் மரத்துப்போகச் செய்யும். ஆளைத் தூங்க வைக்காது.

“மேடம், இருமல்...” என்று இழுத்தான்.

“ம். விரலை வெச்சுப் பாரு. போன மாசம் நான் சொன்னதை வாபஸ் வாங்கணுமா வேண்டாமான்னு இப்பத் தெரிஞ்சுடும்,” என்றபடி, பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் மல்லாந்து படுத்திருந்த பேராசிரியை, அடிவயிறு வரை மூச்சை இழுத்து இடி மாதிரி இருமினார்.