நடிகர் போன பிறகு

"அவர் முகத்தைப் பாத்துட்டு எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. காலி நாற்காலிக்கா நான் நாடகம் போடணும்?"

காலையிலிருந்து தங்கை இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு எழுத்து மாறவில்லை.

அண்ணன்தான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஆண்டு விழாவுக்கு ஒரு சீரியல் நடிகரை அழைத்திருந்தான். அழைத்ததுகூடப் போகட்டும். முதலில் நடிகராம், கடைசியில் தங்கை எழுதிய நாடகமாம்!

"போன வருஷம் மாதிரி என் நாடகத்தை முதல்ல வை அண்ணா. அந்தப் பாட்டுக்காரருக்கு முன்னாடிதானே போட்டோம்? ஹால் நிரம்பி வழிஞ்சுது. திரை விழுந்ததும் என்னமா தட்டினாங்க! உள்ளே நின்ன எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு."

"வரிசை முடிவாயிடுச்சு" என்றான் அண்ணன், டீ கிளாஸிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸ் முடிந்து வந்து, குழந்தையைத் தூங்கவைத்து, அதற்கப்புறம் உட்கார்ந்து எழுதிய நாடகம். நாலு பேர் பார்த்துச் சிரித்தால்தான் அடுத்ததை எழுத அவளுக்குக் கை வரும்.

அண்ணிக்கு வாய் சும்மா இருக்குமா?

"கூடப்பிறந்தவ எழுதினா இளக்காரம். டிவியில அழுது வடியறவருக்கு மாலை, மரியாதை! போன தடவை திரையை இழுத்ததோட சரி, இந்தத் தடவை நானும் மாமியாரா நடிக்கிறேன். எனக்காகவாவது மாத்தக்கூடாதா?"

"அந்த வேஷத்துக்கு உனக்கு ஒத்திகை எதுக்குன்னுதான் எனக்குப் புரியலை."

"பேச்சை மாத்தாதீங்க!"

சாயங்காலம் நடிகர் வந்தார். கையசைத்தார். "உங்க குடியிருப்புலயே எத்தனையோ திறமைசாலிகள் இருப்பாங்க, அவங்களைக் கொண்டாடுங்க" என்று உருக்கமாகப் பேசிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணன் மைக்கைப் பிடித்தான். "சார்கூட போட்டோ எடுத்துக்க விரும்பறவங்க கீழே கார்கிட்ட போயிடுங்க. ஹாலுக்குள்ள வேண்டாம்."

அவ்வளவுதான். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், ஒரு கால் செருப்போடு ஓடியவர்கள், மூட்டுவலி என்று லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள்கூடப் படியில் தடதடவென்று இறங்கினார்கள். கால்வாசிப் பேர்கூட மிஞ்சவில்லை.

திரை இடுக்கு வழியாகப் பார்த்த தங்கை, போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் வேஷத்தோடு பக்கவாட்டுக் கதவு வழியே பாய்ந்து வந்தாள் அண்ணி. "இருந்த கூட்டத்தையும் நீங்களே துரத்தி விட்டுட்டீங்களே! நீங்கள்லாம் ஒரு அண்ணனா?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"போன வருஷம் நீங்க ரெண்டு பேரும் திரைக்குப் பின்னாடி இருந்தீங்க. நான் கூட்டத்துக்கு நடுவுல உட்கார்ந்திருந்தேன். 'பாட்டுக்காரர் எப்ப வருவார், எப்ப வருவார்'னு ஒரே சலசலப்பு. ஆளுக்கொரு போனை நோண்டிக்கிட்டு இருந்தாங்க. ஒரு வசனம் காதுல விழலை. கடைசியில தட்டினாங்களே, அது நாடகத்துக்காக இல்லை. ஒரு வழியா முடிஞ்சுதேன்னு தட்டினாங்க."

"இது அவளுக்குத் தெரியுமா?" என்று அண்ணியும் குரலைத் தாழ்த்தினாள். அந்த வீட்டில் அது தினமும் நடக்கிற காரியமில்லை.

"அவகிட்ட மூச்சு விட்டுடாதே. அந்தக் கைத்தட்டலை நம்பித்தான் இதை எழுதியிருக்கா. நடிகருக்காக வந்தவங்க நடிகரோடயே போகட்டும். அவ எழுதினதைக் கேக்கணும்னு நினைக்கிறவங்க மட்டும் இருந்தா போதும்."

அவன் ஹால் பக்கம் திரும்பினான். அங்கங்கே சிதறி உட்கார்ந்திருந்தவர்கள், யாரும் சொல்லாமலே முன்வரிசைகளுக்கு நகர்ந்து வந்திருந்தார்கள். போன்கள் பைக்குள் போயிருந்தன. ஒரு அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

வாசல் கதவில் ஒரு பக்கத்தைச் சாத்திவிட்டு, மறுபக்கத்தைத் திறந்து பிடித்துக்கொண்டான் அண்ணன்.

"போட்டோவுக்குப் போகணும்னா இப்பவே போயிடுங்க. நாடகத்துக்கு நடுவுல யாரும் எழுந்திருக்க வேண்டாம். யாராவது போறீங்களா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. இருந்தும் அவன் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான்.