முப்பத்திரண்டு மீட்டர்

"பதினெட்டு மீட்டர்தான் சார், அதுக்குக் கீழ வேண்டாம்" என்று பயிற்சியாளர் பிரிசில்லா படகிலேயே மூன்று முறை சொல்லியிருந்தாள். சத்தியசீலனுக்கு அது ஐந்தாவது ஸ்கூபா டைவ். படகில் தலையாட்டியவர், நீருக்குள் அவள் கையசைத்துத் தடுத்தும் நிற்காமல், கடலடியில் மூழ்கிக் கிடந்த கப்பலை நோக்கி இறங்கினார்.

முப்பத்திரண்டு மீட்டரில் அவள் எட்டிப் பிடித்தபோது அவருக்கு ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை ஏறியிருந்தது. தன் வாயிலிருந்த காற்றுக்குழாயைக் கழற்றி ஒரு மீனுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கி அவர் வாயில் திணித்து, பிடியை விடாமல், மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தாள்.

படகில் ஏறியதும் அவர் கேட்டார்: "எவ்ளோ ஆழம்மா போனேன்?"

"முப்பத்திரண்டு."

"அடடா, நாப்பது போயிருக்கலாம். நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க. பாருங்க, உதடு வேற கிழிஞ்சிருக்கு."

பிரிசில்லா ஐஸ் எடுத்துக் கொடுத்தாள்.