சொந்த ஊர் ஆட்டம்

மலையின் நிழல் கூடைப்பந்து மைதானத்தில் பாதியை மூடிவிட்டது. பட்டியலில் முதலிரண்டு இடங்களில் இருக்கும் கல்லூரிகள் மோதும் கடைசி ஆட்டம். இரு அணிகளும் சமபுள்ளி, நேரமும் முடியப்போகிறது. வெளியூரிலிருந்து வந்த வேலூர்க் கல்லூரிக்கு ஆடும் இந்த ஊர்க்காரன் மல்லிநாதன் ஃப்ரீ த்ரோ போடப் பந்தோடு நிற்கிறான். எதிரணியில் இருக்கும் பள்ளித் தோழன் சகாதேவன், "சொந்த ஊரயே தோக்கடிக்க வந்துட்டியா?" என்கிறான். கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு வந்து விழுகிறது. மல்லிநாதன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பந்தை எறிகிறான். பந்து வலைக்குள் இறங்குகிறது, விசில் நீளமாக ஒலிக்கிறது, கைதட்டல் இல்லை. வேலூர்ப் பையன்கள் வேனுக்கு ஓடுகிறார்கள். "சீக்கிரம் ஏறுடா, கல்லு உடுறானுங்க" என்கிறார் பயிற்சியாளர். மல்லிநாதன் பையைத் தோளில் மாட்டுகிறான். "நீங்க போங்க சார். என் வீடு இங்கதான்." அவன் மைதான வாசலைப் பார்த்து நடக்கிறான். அங்கே நிற்பவர்கள் யாரும் விலகவில்லை.