அமுங்காத பட்டன்

"இது சும்மா ஒரு சாம்பிள்மா. நிஜப் பிரச்சினை எல்லாம் இல்ல. நீங்க எப்படி யோசிக்கறீங்கன்னு பாக்கத்தான்" என்று சொல்லி, மேலாளர் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார். தன் பெருந்தன்மையில் தானே கொஞ்சம் நெகிழ்ந்தும் போனார்.

நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேலாளரும் மூத்த புரோகிராமரும். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் கம்பெனி அது. 'வாடிக்கையாளரே தெய்வம்' என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள். பக்கத்து அறையில் தெய்வங்களின் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா மேடம், புகார் பதிவாகியிருக்கு... ஆள் எடுத்துட்டு இருக்காங்க மேடம்... எடுத்ததும் முதல் வேலை உங்களுதுதான்" என்று வரவேற்பாளரின் குரல் கதவிடுக்கில் கசிந்தது. மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இப்ப எங்க வேலை பாக்கறீங்க?"

"சின்ன இடம் சார். பேரைச் சொன்னா உங்களுக்கு ஞாபகம் வராது."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளுடைய விண்ணப்பத்தின் மேல் அவருடைய காபிக் கோப்பை இருந்தது. அதை நகர்த்திப் படிக்கும் அளவுக்கு அவருக்கு ஆர்வம் இல்லை.

மூத்த புரோகிராமர் கடைக்காரர் சரக்கை எடுத்துப் போடுவதுபோல் ஆரம்பித்தார். "பிரிண்ட் எடுத்தா பாதிப் பக்கம் காணாமப் போகுது, அது ஒண்ணு. ஒரு பேரைத் தேடினா வேற ஆள் வர்றார், அது ஒண்ணு. ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பற பட்டன் சில இடத்துல அமுங்கவே மாட்டேங்குது, அது ஒண்ணு. எது வேணும்?"

"பட்டன்" என்றாள் யோசிக்காமலே.

மூத்தவர் சிரித்தார். "அது கஷ்டம்மா. எத்தனையோ பேர் மண்டையை உடைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. ஏன்னா, எங்க மெஷின்ல நல்லா வேலை செய்யுதே!"

அழுத்திக் காட்டினார். 'அனுப்பப்பட்டது' என்று பச்சையில் வந்தது. தன் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, அதனால் ஊரில் காய்ச்சலே இல்லை என்று முடிவுகட்டிய வைத்தியரின் பெருமிதம் அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்ப வேலை செய்யலைன்னு சொல்றது யாரு சார்?"

"யாரோ லேப்காரங்க. மௌஸைப் பிடிக்கவே தெரியாது அவங்களுக்கு. டாக்டர் காத்திருக்கார், நோயாளிக்கு ஆபரேஷன் தள்ளிப்போகுதுன்னு ஒரே கூப்பாடு."

அவள் முகம் ஒரு கணம் இறுகித் தளர்ந்தது. "ஸ்கிரீன்ல எழுத்தைப் பெருசு பண்ணிக்கலாமா சார்?"

"ஏம்மா, கண்ணு தெரியலையா?"

"எனக்குத் தெரியுது சார்."

எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மூத்தவர் மௌஸைப் பிடுங்கித் தானே அழுத்தினார். அப்புறம் ஓங்கி அழுத்தினார். மௌஸைப் பிடிக்கத் தெரியாதவர்களின் கூட்டத்தில் அவரும் சேர்ந்துகொண்டார்.

அவள் நிரலைத் திறந்து ஒரே ஒரு இடத்தில் சிவப்பு நிறம் கொடுத்து மறுபடி ஓடவிட்டாள். பட்டன் இருந்த இடத்தில் அதை மூடிக்கொண்டு ஒரு சிவப்புப் பட்டை படுத்திருந்தது.

"எச்சரிக்கை காட்டறதுக்குன்னு நீங்க வெச்ச பேனல்தான் சார் இந்தப் பட்டை. எச்சரிக்கை இல்லாதப்பவும் அது மறையறதில்ல, நிறம் இல்லாம அங்கேயே நிக்குது. எழுத்து பெருசானா நீண்டு வந்து பட்டன் மேல விழுந்துடுது. நாம அழுத்தறது எல்லாம் பேனலுக்குத்தான் போய்ச் சேருது."

"எவன் இந்தப் பேனலை வெச்சவன்?" என்று மேலாளர் சீறினார்.

மூத்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே மேகங்களைக் கவனிக்கும் ஆசை திடீரென்று வந்தது.

வேண்டாதபோது பேனல் முழுசாக ஒதுங்கிக்கொள்ளும்படி அவள் மாற்றி எழுதினாள். அழுத்தினாள். பச்சையில் 'அனுப்பப்பட்டது' வந்தது.

"அட்டகாசம்!" என்று துள்ளி எழுந்த மேலாளருக்கு, இது வெறும் சாம்பிள் என்பது தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. இருமிக்கொண்டே உட்கார்ந்தார். மூத்தவரின் காதோரம் குனிந்து, ரகசியம் என்று தான் நம்பிய குரலில் சொன்னார்: "உடனே எல்லா லேபுக்கும் அப்டேட்டை அனுப்பிடு."

மூத்தவரின் விரல்கள் பறந்தன. "போயிடுச்சு சார்."

மேலாளர் அவள் பக்கம் திரும்பி முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார். "நல்ல முயற்சிம்மா. ஆனா நாங்க இன்னும் கொஞ்சம் அனுபவசாலியா எதிர்பாக்கறோம். எதுக்கும் தகவல் சொல்றோம்."

"பரவால்ல சார். ரொம்ப நன்றி" என்று எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

மேலாளருக்குச் சின்ன ஏமாற்றம். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் வாசல்வரை கெஞ்சிவிட்டாவது போனார்கள்.

"பாத்தியா, ஆளே எடுக்காம வேலை முடிஞ்சுது!" என்று மூத்தவரின் தோளில் தட்டினார். "அடுத்த ஆளைக் கூப்பிடு. அவனுக்கு அந்தப் பிரிண்ட் பிரச்சினையைக் குடுப்போம்."

படியிறங்கிக்கொண்டே அவள் கைபேசியைக் காதில் வைத்தாள். மறுமுனையில் உடனே எடுத்தார்கள்.

"மேடம், நம்ம லேப் பட்டன் இனிமே அமுங்கும், காத்திருக்கற ரிப்போர்ட்டை எல்லாம் அனுப்பிடுங்க. எனக்கு அரை நாள் லீவே போதும், மதியம் டூட்டிக்கு வந்துடறேன்!"